கிரகணத்தன்று அரிந்த கத்திரிக்காய்

கண்ணுங்களா, நம் குவார்ட்டர்ஸில் குழாய்த் தண்ணீர் நின்றாலும் நிற்கும், முட்டாள்தனம் நிற்காது.

சின்னவள் பிறந்து, கை கால் குட்டையாக இருக்கிறதென்று தெரிந்த வாரமே கீழ்வீட்டு அம்மாள் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

“கெரகணத்தன்னிக்கு உன் பொண்டாட்டி கத்திரிக்கா அரிஞ்சிகினு இருந்திச்சி நைனா. ஜன்னல்ல என் கண்ணால பாத்தேன். அதான் புள்ளைக்கு இப்படிப் பூட்ச்சி.”

அன்று உங்கள் அம்மா அரிந்தது உண்மைதான். அந்தக் கறியை நானும் தின்றேன். அந்த அம்மாள் சொன்னதற்கப்புறம் அவள் கத்திரிக்காயைத் தொடவில்லை. பிள்ளையைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அந்தக் கால்களைப் பிடித்துக்கொண்டு, “நான்தானே வெட்டினேன்” என்று அழுவாள். ஐ.டி. கம்பெனிக்குப் போகிற பெண் ஒருத்தியின் வளைகாப்பில்கூட, உங்கள் அம்மாவை வளையல் போட விடவில்லை. கம்ப்யூட்டர் படித்து என்ன கிழித்தார்களோ!

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பத்தாவது படித்த எனக்குப் புரிந்தது இவ்வளவு. கருவில் செல்கள் ஒன்றுக்கொன்று ‘வளரு’, ‘போதும்’ என்று செய்தி அனுப்பும். அதை வாங்கிக்கொள்ள ஒவ்வொரு செல்லின் மேலும் ஏற்பிகள் உண்டு. அவற்றைச் செய்யும் குறிப்பு மரபணுவில் இருக்கிறது. மீன், கோழிக்குஞ்சு, நாம், முதுகெலும்புள்ள எல்லாவற்றுக்கும் இதே ஏற்பாடுதான். எலும்பு நீளும் இடத்தில் ஓர் ஏற்பி, செய்தி வந்தால் ‘போதும்’ என்று நிறுத்தும். சின்னவளுக்கு அது செய்தி வராமலேயே நிறுத்திக்கொண்டிருக்கிறது. ஷிப்ட் முடியும் முன்பே ஃபேக்டரிச் சங்கு ஓயாமல் ஊதினால் எவன் லேத்தில் நிற்பான்?

“இந்த மாற்றம் பெரும்பாலும் அப்பாவோட விந்தணுவுலதான் வரும். யார் தப்பும் இல்லைங்க” என்றார்.

உங்கள் அம்மா வெளியே பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். “என்ன சொன்னார்?” என்று கேட்டாள். “ஏதோ மரபணுவாம்” என்று முடித்துக்கொண்டேன். நாலு மாதம் அவள் அழுவதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்றேன். கீழ்வீட்டு அம்மாள் முட்டாள் என்றால் எனக்கு என்ன பெயர்?

அப்புறம் கீழ்வீட்டிலேயே வளைகாப்பு. உங்கள் அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வரலாம் என்று கூடப் போனேன். வாசலிலேயே மறித்தார் அந்த அம்மாள்.

“நீ வோணாம்மா. அங்கியே குந்து.”

எனக்குப் பொறுக்கவில்லை. “அவள விடுங்க. கோளாறு என்கிட்டருந்து வந்தது. டாக்டரே சொல்லிட்டாரு.”

அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“ஆம்பளைக்கு இன்னாய்யா கெரகணம்? அன்னிக்கி நீ இன்னா பண்ணிகினு இருந்தே?”

“லேத்துல இருந்தேன்.”

“இரும்பு வெட்னியா?”

“அதானே என் வேலை.”

“அப்டி சொல்லு! கத்திரிக்காக்கே இந்தப் பாடுன்னா, இரும்ப வெட்னா சும்மா வுடுமா?”

எல்லாத் தலைகளும் ஆடின, ஐ.டி.காரியின் தலையும். ஏற்பியைப் பற்றிச் சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் உங்கள் அம்மா அவர்களைத் தாண்டி உள்ளே போய் வளையல் போட்டுக்கொண்டிருந்தாள். வாயை மூடிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “எப்பலேருந்து தெரியும்?”

சொன்னேன். அன்றைக்கு எனக்குச் சோறு போடவில்லை. மறுநாள் கத்திரிக்காய்க் கறி. கூடையை என் முன்னால் வைத்தாள், நான் உட்கார்ந்து அரிந்தேன்.