தூக்கிய உலக்கை

நான் கற்பிக்கும் பள்ளிக்கு இன்று வந்த தோலட்டை வேதாகமத்தை முகர்ந்ததும், ஆம்பூரில் தோல் பதனிட அம்மா ஆவாரம்பட்டை இடித்த தோல்ஷாப்புக் கொட்டகைக்குள் போய்விட்டேன். சிவந்த தூசியும், ஊறும் தோலின் வீச்சமும், உலக்கைச் சத்தமும், அதற்கு மேலே மிஷன் பள்ளியில் கற்ற வெண்பாக்களைக் கத்திச் சொல்லும் என் குரலுமாக இருக்கும் அந்தக் கொட்டகை. நான் வரி மறந்தால், அது நினைவுக்கு வரும்வரை அம்மா உலக்கையைத் தூக்கியபடியே நிற்பாள்.

"வேதம் படிக்கத் தெரிஞ்சா போதாதா? கிறிஸ்தவப் பொண்ணுக்குப் பழைய பாட்டு இன்னாத்துக்கு?" என்றார் ஒருநாள் கொட்டகைக்கு வந்த எங்கள் சபை உபதேசியார்.

அம்மா இடிப்பதை நிறுத்தவில்லை. "இவ தம்பியப் பொதைச்சப்ப நீங்க ஊர்ல இல்ல, ஐயா. ஜெபம் பண்ண ஒருத்தருக்கும் வார்த்தை வர்ல. ஊமைங்களாட்டம் மண்ணத் தள்ளிட்டு வந்தோம். இவ படிக்கட்டும்."

எங்கள் குடும்பத்தில் முதலில் எழுத்தறிந்தவள் நான். காலராவில் அம்மா போனபோது, அவள் குழியருகே நானே கட்டிய வெண்பாவில் ஜெபித்தேன். உபதேசியார் தலைப்பாகையைக் கழற்றி, "ஆமென்" என்றார்.

அந்தக் கொட்டகை இப்போது இல்லை. ஆனாலும் இந்தத் தோல் வாசனைக்குள் உலக்கைகள் விழுந்துகொண்டே இருக்கின்றன. ஒன்று மட்டும் விழாமல், தூக்கியபடியே, அடுத்த வரிக்காகக் காத்து நிற்கிறது.