மடியில் விழுந்த முருங்கைக்கீரை

நேற்று மகள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒரு டப்பா பார்த்தேன். கடையிலேயே ஆய்ந்து கழுவி விற்கும் முருங்கைக்கீரை. காம்பு ஒன்றுகூட இல்லை. எந்தப் புண்ணியவதி ஆய்ந்தாளோ! அந்தப் பச்சை வாசனையில், விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் மாலை பாசஞ்சர் நினைவுக்கு வந்துவிட்டது.

மதுரைப் பக்கத்திலிருந்து கல்யாணமாகித் திண்டிவனம் வந்த புதிது. விழுப்புரத்தில் வேலை. கணவருக்கு ஷிப்ட், நான் வீடு திரும்பும்போது அவர் கிளம்பியிருப்பார். உங்களுக்குச் சொல்ல என்ன வெட்கம், பேச்சுத்துணைக்கு ஏங்கிப்போயிருந்தேன். பெண்கள் பெட்டியில் எல்லோரும் எதிரெதிராக உட்கார்ந்து, ராத்திரி சமையலுக்கு வேண்டியதை நறுக்கியபடி, ஆய்ந்தபடி வருவார்கள். நான் ஜன்னலோரம் வயலைப் பார்ப்பதுபோல் பாவனை செய்வேன். காது மட்டும் அவர்கள் பக்கம்.

ஒருநாள் முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை வாசனை உள்ளே வந்த நேரம். வசந்தா அக்கா, பள்ளிக்கூட டீச்சர், என்னைக் கேட்காமலே ஒரு கட்டுக் கீரையை என் மடியில் போட்டார்.

"சும்மாதான குந்திகினு இருக்க. இத ஆஞ்சி குடும்மா."

அவசரத்தில் காம்போடு உருவித் தள்ளினேன். அவர் வீட்டுப் பொரியலில் பாதி குச்சி என்று மறுநாள் பெட்டியே சிரித்தது. ஆனாலும் தினமும் கீரை என் மடிக்கு வந்தது. யார் மாமியாருக்கு என்ன வியாதி, யார் மகன் கணக்கில் கோட்டை விட்டான், எல்லாம் பேரணி ஸ்டேஷன் வருவதற்குள் தெரிந்துவிடும்.

பிறகு காய்ச்சலில் நான்கு நாள் போகவில்லை. ஐந்தாம் நாள் ஏறியதும் அக்கா பிடித்துக்கொண்டார்.

"எங்கடி போயிட்ட? வண்டி நவுர்ற வரைக்கும் வாசப்படியில நின்னு உன்னத்தான் பாத்துகினு இருந்தேன்."

நான் வராததைக் கவனிக்க ஓர் ஆள் இருந்திருக்கிறது. கீரை ஆய்கிற சாக்கில் குனிந்து அழுதேன்.

பதினோரு வருஷம் அப்படிப் போனது. அப்புறம் எனக்குச் சென்னைக்கு மாற்றலாகிவிட்டது. அக்காவும் இப்போது இல்லை.

போன மாதம் திண்டிவனத்தில் ஒரு கல்யாணம். சென்னையிலிருந்து நேரே போயிருக்கலாம். நான் விழுப்புரம் வரை போய், அந்த பாசஞ்சரில் திரும்பி வந்தேன். மகளிடம் சொல்லவில்லை, சிரிப்பாள். பெட்டி நிறையப் பெண்கள்தான். காதில் ஒயர், கையில் போன். பாவம், அவர்களுக்கும் களைப்பு. நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். எதிரில் இருந்த பெண் ஒயரைக் கழற்றி, எங்கே இறங்கணும் என்று கேட்டாள். திண்டிவனம் என்றேன்.

"இந்தப் பக்கம் புதுசாங்கம்மா? பயப்படாதீங்க, திண்டிவனம் வந்தா நானே சொல்றேன்."

சரிம்மா என்றேன். மயிலம் தாண்டியதும் மறக்காமல் சொன்னாள். நன்றி சொல்லி இறங்கினேன்.