அதுக்கு முன்னாடி யாரு?

என் வீட்டுக்காரர் சாமி கும்பிடாதவர். நான் காலையும் மாலையும் விளக்கேற்றுகிறவள். கல்யாணமான புதிதிலிருந்தே இதில் எங்களுக்குள் ஒத்துப்போனதில்லை. அவர் விட்டுக்கொடுக்க மாட்டார். எனக்கும் வாய் சும்மா இருக்காது.

எங்கள் ஊர் நிலம் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனபோது அவருக்கு அங்கேயே வேலை கிடைத்தது. மேல்மண்ணை வெட்டித் தள்ளும் பெரிய சக்கர மிஷினில் முதலில் உதவியாள், பிறகு ஓட்டுகிறவர். சுரங்கக்காரர்களுக்கென்று கட்டிய நகரியத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். திறந்தால் தண்ணீர் வரும் குழாய், தட்டினால் எரியும் விளக்கு. அந்தப் புது வீட்டில் நான் முதலில் தேடியது சாமி படம் மாட்ட ஓர் ஆணி. முறைத்துக்கொண்டேதான் என்றாலும் அவரே அடித்துத் தந்தார்.

ஒரு ஆயுதபூஜைக்கு மிஷினைப் பார்க்க எங்களையும் கூட்டிப்போனார். மகளுக்கு அப்போது ஆறு வயது. எல்லோரும் மிஷினுக்குச் சந்தனம் பூசி, பூசணிக்காய் உடைத்தார்கள். இவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நின்றார். நான் விடுவேனா?

"இம்மாம் பெரிய மிஷினு தானா வந்துச்சா? ஒருத்தன் செஞ்சான் இல்ல? அப்ப இந்த ஒலகத்தையும் ஒருத்தன் செஞ்சிருக்கணும் இல்லீங்களா?"

அவர் என்னை மிஷினின் பக்கவாட்டுக்கு அழைத்துப்போய், அதில் அறைந்திருந்த தகட்டைக் காட்டினார். ஏதோ வெளிநாட்டு எழுத்து.

"செஞ்சவன் பேரு தோ இருக்குது. ஒலகத்துல தகடு எங்கடி அடிச்சிருக்கான்? காட்டு, நானும் கும்புடறேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

மகள் இதில் எதையும் கவனிக்கவில்லை. அப்பா பொறுக்கிக் கொடுத்த பழுப்புக் கரித்துண்டு ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மரத்தின் வரி அதில் அப்படியே இருந்தது. இது ஒரு காலத்தில் காடு, மண் மூடிக் கரியாகிவிட்டது என்று அவர் சொல்லியிருந்தார்.

"காட்டுக்கு முன்னாடிப்பா?"

"கடலு."

"அதுக்கு முன்னாடி?"

"எல்லாம் நெருப்பா இருந்துச்சு."

"அதுக்கு முன்னாடி?"

அவர் தலையைச் சொறிந்தார். "தெரியலம்மா."

"சாமி" என்றேன் நான் முந்திக்கொண்டு. ஜெயித்துவிட்ட நினைப்பு எனக்கு.

அவள் என் பக்கம் திரும்பினாள். "சாமிக்கு முன்னாடி யாரும்மா?"

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். வீடு திரும்பும்வரை சைக்கிளில் முன்னால் உட்கார்ந்து அவள் அதையே கேட்டுக்கொண்டு வந்தாள்.

அந்த மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்காய்ச்சல் என்றார்கள். போய்விட்டாள். இதற்கு மேல் அதை எழுத என்னால் ஆகாது.

குழந்தைகளை எரிக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. ஊர் காலியாகிவிட்டாலும், எங்கள் சனங்களைப் புதைத்த மேடு அப்படியேதான் இருந்தது. அவளும் அங்கேயே இருக்கட்டும் என்று நான்தான் சொன்னேன். "சொரங்கம் அதுவரைக்கும் வர்றதுக்குள்ள நம்ம காலமே முடிஞ்சிடும்" என்றார் அவர். சுரங்கத்தில் வேலை செய்கிறவரே சொன்னார், நம்பினேன்.

பிறகு எங்கள் சண்டை நின்றுபோனது. நான் விளக்கேற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை. கும்பிட அல்ல, திட்டத்தான். எல்லாவற்றையும் படைத்தவன் நீ என்றால் அந்தக் காய்ச்சலையும் நீதானே படைத்தாய் என்று படத்தின் முன்னால் நின்று வாய்க்கு வந்தபடி கேட்பேன். கேட்டு அழுதால் கொஞ்சம் பாரம் இறங்கும். அவருக்குத் திட்டுவதற்குக்கூட ஆள் இல்லை. கொல்லையில் முருங்கை மரத்தடியில் போய் உட்கார்ந்திருப்பார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கும்.

நாங்கள் நினைத்ததைவிடச் சீக்கிரம் சுரங்கம் அந்த மேட்டை நெருங்கியது. வேண்டியவர்கள் தங்கள் சனங்களின் எலும்பை எடுத்து வேறிடத்தில் புதைத்துக்கொள்ளலாம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலர் எடுத்தார்கள். எங்கள் இருவருக்கும் தோண்டிப் பார்க்கத் துணிவில்லை. மேட்டை வெட்டுகிற அன்றைக்காவது ஷிப்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன்.

"வேற எவனோ வெட்டறதுக்கு நானே வெட்டறன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மதியம் வந்தார். சோறு போட்டேன். பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

"ஆயிடுச்சுங்களா?"

"ஆயிடுச்சு. வெறும் மண்ணுதான்." தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "சக்கரத்த எறக்கறதுக்கு முன்னாடி மிஷின நிறுத்திட்டு எறங்கிப் போயி கும்புட்டன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "யாரங்க?"

"தெரியல. அதுக்கு முன்னாடி, அதுக்கு முன்னாடின்னு கேட்டுக்கினே வந்தாளே, அங்க யாராச்சும் இருந்தா, அவங்கள."

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததே இல்லை.

"இருக்காங்களாடி? இருந்தா நம்ம புள்ளய அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும் இல்ல?"

இத்தனை வருஷம் உண்டு, உண்டு என்று அவரோடு மல்லுக்கு நின்றவள் நான். முதல்தடவையாக அவர் அதை என்னிடம் கேட்கிறார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சோற்றைத் தின்றிருப்பார். எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.