சத்தத்தைக் கூட்டச் சொன்ன மதியம்

மதினி லேப்டாப்பின் சத்தத்தை முழுக்க அடக்கிவிட்டு விளையாடிக்கொண்டிருந்த காட்சி இன்னும் கண்ணில் நிற்கிறது. ஏழாயிரம்பண்ணைப் பக்கம் நான் வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியில் அடுத்த அறை வெடித்து, இடது கை வெந்து, ஆஸ்பத்திரியிலிருந்து விருதுநகரில் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தேன். புண் ஆறிவிட்டது, பயம் ஆறவில்லை. குக்கர் விசில் அடித்தால் போதும், முப்பத்துநாலு வயது ஆள் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிடுவேன். மதினி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. குக்கரைப் பரணில் ஏற்றிவிட்டுப் பானையில் சோறு வடிக்க ஆரம்பித்தார்.

மதினி நர்ஸ். காலை டியூட்டி முடிந்து வந்து சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் நீர்மூழ்கிக் கப்பல் விளையாட்டு. எதிரிக் கப்பல்கள் மேலே சுற்றிவந்து, சத்தத்தை வைத்து நம் இடத்தைக் கண்டுபிடித்து, தண்ணீருக்குள் குண்டு போடும். மதினி ஒருநாளும் தப்பித்ததில்லை. கப்பல் நெருங்கியதுமே முழு வேகத்தில் ஓடுவார். அந்த மோட்டார் இரைச்சலே காட்டிக்கொடுத்துவிடும்.

"தம்பி, இங்கன வந்து உக்காருங்க. எனக்கு மட்டும் ஏன் மூழ்குதுன்னு பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நாலைந்து மதியங்களில் ஒன்று புரிந்தது. குண்டு வெடித்துக் கடல் கலங்கும் சில நொடிகள், மேலே இருப்பவனுக்கும் எதுவும் கேட்காது. மோட்டாரை அடக்கி ஆழத்தில் காத்திருந்து, அந்த நொடிகளில் மட்டும் திரும்பி ஓடினால் தப்பலாம். ஆனால் அந்த நொடியைக் காதால்தான் பிடிக்க முடியும்.

"சத்தத்தக் கூட்டுங்க மதினி."

மதினி என் முகத்தைப் பார்த்தார். "எம்புட்டு?"

"கொஞ்சம்."

முதல் குண்டுக்கு எழுந்து வாசல்வரை போய்விட்டேன். திரும்பி வந்தேன். இரண்டாவதுக்கு மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், எழவில்லை. மூன்றாவது வெடித்தபோது, "இப்ப ஓட்டுங்க, இப்ப!" என்று கத்தினேன். மதினி ஓட்டினார். அடங்கியதும், "நிப்பாட்டுங்க" என்றேன். எதிரிக் கப்பலின் இரைச்சல் மெல்ல விலகிப் போனது.

சிரிப்பார் என்று பார்த்தால் மதினி அழுதார். "கம்பெனி வெடிச்ச அன்னைக்கு உங்க ஆளுகள எங்க வார்டுக்குத்தான் கொண்டாந்தாக. அதுல இருந்து உள்ள போகக் கால் வரல தம்பி. வேற வார்டு கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன்." பயந்து கிடப்பவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

தினமும் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினோம். குக்கர் கீழே இறங்கியது. எழுதிக் கொடுத்ததை மதினி திரும்ப வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் தீபாவளி கொண்டாடும் வழக்கம் கிடையாது. அதனால் அன்றைக்கு டியூட்டி மதினிக்குத்தான் விழும். அந்த வருஷமும் விழுந்தது. அண்ணன் ஊரில் இல்லை, தெருவில் ஒரு ஆட்டோவும் இல்லை. நான் செருப்பை மாட்டினேன். இரண்டு பக்கமும் வெடித்துக்கொண்டிருந்த தெருக்களில் மதினியோடு நடந்தேன். ஒரு பத்தாயிரம் வாலா சரத்துக்கு முன்னால் கால் நின்றுவிட்டது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். சரம் ஓயும்வரை நின்று, பிறகு போனோம்.

இப்போது மிளகாய் வற்றல் மண்டியில் எடை போடுகிறேன். லாரி டயர் வெடித்தால் இன்னமும் திடுக்கிடுவேன், ஆனால் நின்ற இடத்தில் நிற்பேன். மதினிக்கு நன்றி என்று வாய் திறந்து சொன்னதில்லை, சொன்னால் திட்டுவார்.

அந்தத் தீபாவளியன்று ஆஸ்பத்திரி வாசலில், "நீங்க போயி சாப்பிடுங்க தம்பி, இனி நான் பாத்துக்கிருவேன்" என்று சொல்லிவிட்டு, தீக்காய வார்டைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தார். நான் வந்த வழியே தனியாகத் திரும்பினேன்.