ஓரிரு இடங்கள் எங்கே?

எங்கள் வட்டார வானிலை அலுவலகத்தில் அவளுக்கு உச்சிவெயில் என்று பெயர். வைத்தது நான்தான். இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், எதிரெதிர் மேஜை. இருபத்திரண்டு வருடமாகக் காலை எட்டரைக்குப் பின்பக்கம் போய் மழைமானியைத் திறந்து பார்த்து, சொட்டுக்கூட இல்லாத நாளிலும் பதிவேட்டில் சுழி போடுகிறவள் அவள். காய்ச்சலோடு வந்து சுழி போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்த நாளும் உண்டு.

"ஒண்ணுமே இல்லாததை எழுதவா இவ்வளவு தூரம் வந்தே?" என்று அன்று கேட்டேன்.

"இல்லைன்னா இல்லைன்னு யாராவது எழுதணும்ல? நீ எழுத மாட்டே. உனக்குத் தூக்கம் வரும்."

வாய் கொடுத்தால் இப்படித்தான் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

எங்கள் அலுவலகத்தின் காவல் தெய்வம் ஒரு வாக்கியம்: 'ஓரிரு இடங்களில் லேசான மழை பெய்யக்கூடும்.' அறிக்கை எதுவானாலும் கடைசியில் இதை ஒட்டிவிட்டால் எவனும் எங்கள் சட்டையைப் பிடிக்க முடியாது. பெய்தால், சொன்னோமே என்போம். பெய்யாவிட்டால், அந்த ஓரிரு இடம் உங்கள் இடம் இல்லை என்போம். நானே நூறு தடவை எழுதியிருப்பேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எழுதும்போது ஒரு கூச்சமும் இருந்ததில்லை.

போன வருடம் அவளும் எழுதினாள். வானொலியில் வாசித்ததும் அவள்தான். அவளுடைய அண்ணன் மழையை நம்பி மக்காச்சோளம் போடுகிறவர். தங்கை குரலைக் கேட்டுவிட்டு மறுநாளே புழுதியில் விதைத்துவிட்டார். பதினெட்டு நாள் ஒரு தூறல் இல்லை. பாதி விதையை எறும்பு தூக்கிப் போனது, மீதி மண்ணுக்குள்ளேயே செத்தது. அண்ணிதான் சொன்னாள்: "ரேடியோல நீதானேம்மா சொன்னே. அதான் இறங்கிட்டாரு." இந்த வருடம் அண்ணனிடம் இருந்தது ஒரே ஒரு விதைப்புக்கான விதை. அதுவும் போனால் நிலத்தை விட்டுவிட்டு நகரத்தில் காவல்காரர் வேலை தேடிப் போவதென்று புருஷனும் பெண்டாட்டியும் பேசி முடித்திருந்தார்கள்.

இந்த வருடம் வசந்தம் முடியும் வாரத்துக்கான அறிக்கையை உச்சிவெயில் திங்கட்கிழமை காலை எழுதினாள். வறண்ட காற்று, ஈரப்பதம் தரைமட்டம், வரைபடத்தில் ஒரு மேகக்கீற்று இல்லை. 'அடுத்த ஏழு நாட்களுக்கு எங்கும் மழை இல்லை.' அவ்வளவுதான்.

எங்கள் அதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார்.

"ஓரிரு இடங்கள் எங்கேம்மா?"

"அதைத்தான் சார் நானும் தேடுறேன்." சுவர் வரைபடத்தின் முன்னால் போய் நின்றுகொண்டாள். "இதுல விரல் வச்சுக் காட்டுங்க. ஊர்ப் பேரோட எழுதிடறேன்."

"விளையாடாதே. நாளைக்கு எங்கேயாவது பெஞ்சு தொலைச்சா?"

"தப்பாச்சுன்னு சொல்லுவோம்."

"தப்பாச்சுன்னு இந்த ஆபீஸ் என்னைக்கும் சொன்னதில்லை!" என்றவர், பேனாவை எடுத்து அந்த வாக்கியத்தைத் தன் கையாலேயே சேர்த்தார்.

எங்களிடம் ஒரு வழக்கம்: கையெழுத்துப் போடுகிறவரே வானொலியில் வாசிக்க வேண்டும். அவள் காகிதத்தை அவர் பக்கமே தள்ளினாள். "நீங்க சேர்த்தீங்க, நீங்களே கையெழுத்துப் போட்டு வாசிச்சிடுங்க சார்." தன் கல்யாணப் பதிவேட்டிலேயே நாலு தரம் யோசித்துக் கையெழுத்துப் போட்டிருப்பார் அந்த மனிதர். ஐந்து நிமிடம் காகிதத்தையே பார்த்துவிட்டு, சேர்த்ததைத் தானே அடித்தார். "உன் இஷ்டம். எது வந்தாலும் உன் தலையில."

பகல் செய்தியில் அவள் குரல் கணீரென்று வந்தது. எழுதாத ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டாள்: "விதை வைத்திருப்பவர்கள் பொறுத்திருங்கள்." அன்று முழுக்கத் தொலைபேசி அலறியது. விதைக் கடைக்காரர் கத்தினார். ஒருவர் கருநாக்கு என்று திட்டினார். "நாக்கு கறுப்போ சிவப்போ, மழை இல்லைங்க," என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்தாள்.

புதன்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு மழை பெய்தது.

கால் மணி நேரம். எங்கள் அலுவலகக் கூரை, சுற்றி நாலைந்து ஊர்கள், அவ்வளவுதான். அதிகாரி வாசலில் நின்று கையை நீட்டி நனைத்துக்கொண்டார். அப்படியொரு சந்தோஷத்தை அவர் முகத்தில் நான் பார்த்ததே இல்லை. உச்சிவெயில் யாரையும் பார்க்காமல் பின்பக்கம் போய் மழைமானியை அளந்தாள். மூன்று மில்லிமீட்டர்.

உள்ளே வருவதற்குள் அண்ணனின் அழைப்பு. எதிரே இருந்த எனக்கே அவர் குரல் கேட்டது. "இங்கயும் பெஞ்சிடுச்சு. மண்வாசனை தூக்குது. பக்கத்து வயல்ல எல்லாம் விதைக்க இறங்கிட்டாங்க. என்ன செய்யட்டும்?"

"இரு." களைக்கொத்து ஒன்றை எடுத்துக்கொண்டு மறுபடி பின்பக்கம் ஓடினாள். குத்துக்காலிட்டு மூன்று இடத்தில் தோண்டினாள். மேலே அரை விரல் ஈரம், அதற்குக் கீழே பழைய புழுதி. ஓடிவந்து மேஜையில் இருந்த போனை எடுத்தாள். "வேணாம்ணே. இந்த ஈரத்துல முளை மட்டும் வரும். வந்த முளை கருகிடும்."

அவர் போனை வைத்துவிட்டார். அவள் முகம் வெளுத்துப் போனதை அன்றுதான் பார்த்தேன்.

நேராக அதிகாரி அறைக்குள் போனாள். "சாயங்காலச் செய்தில நான் பேசணும் சார். திங்கக்கிழமை அறிக்கை தப்புன்னு சொல்லணும்."

"பைத்தியமா உனக்கு? சும்மா இருந்தா ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்துடுவாங்க!"

"விதை மறக்காது சார்."

அவர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் வானொலி நிலையத்துக்குக் கிளம்பிவிட்டாள். மாலைச் செய்தியில் எல்லோரும் கேட்டோம். "மழை இல்லை என்று நான் சொன்னது தவறு. மூன்று மில்லிமீட்டர் பெய்தது. தோண்டிப் பார்த்தேன், அரை விரல்தான் நனைந்திருக்கிறது. இதை நம்பி விதைக்காதீர்கள். இனி இந்த வாரம் மழை இல்லை. இதுவும் தவறானால், அதையும் நானே வந்து சொல்வேன்."

அதற்குப் பிறகு பத்து நாள் வெயில் கொளுத்தியது. பதினோராம் நாள் இருட்டிக்கொண்டு வந்து கொட்டித் தீர்த்தது. அதற்கு மூன்றாம் நாள் அவள் மேஜைக்கு இரண்டு வந்தன. ஒன்று மேலிடத்துக் காகிதம்: அலுவலகத்தின் தவறைப் பொதுமக்களிடம் அறிவித்ததற்கு விளக்கம் தரவும். இன்னொன்று அண்ணனின் அழைப்பு.

"இப்பதான் விதைச்சு முடிச்சேன். பக்கத்து வயல்ல முளைச்சதெல்லாம் கருகிப் போச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "உங்கிட்ட மறைக்கக் கூடாது. அன்னிக்கு நீ போன்ல வேணாம்னதை நான் கேக்கல. விதையை டிராக்டர் விதைப்பெட்டியில கொட்டி வண்டியைக் கிளப்பிட்டேன். அப்பத்தான் ரேடியோல நீ தப்புன்னு சொன்னே. ஊருக்கே கேக்கற மாதிரி தப்புன்னு சொல்றவ பொய் சொல்ல மாட்டான்னு தோணுச்சு. அப்படியே நிறுத்திட்டேன்."

அவள் அழுதாள். நாங்கள் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "என்ன வேடிக்கை? அவங்கவங்க வேலையைப் பாருங்க!" என்று கத்தினாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலிடத்துக்குப் பதில் எழுதினாள். இரண்டே வரி.

'தவறினேன், சொன்னேன். மறுபடி தவறினால் மறுபடி சொல்வேன்.'

அதிகாரி அனுப்ப மறுத்தார். நான்தான் பதிவு எண் போட்டு, உறையில் போட்டு ஒட்டி, தபாலில் சேர்த்தேன்.