இரண்டாவது வெடிப்பு

என் கணவருக்கு ஜெகதாப்பட்டினத்தில் ஓர் ஐஸ் பிளாண்டில் மேனேஜர் வேலை. நான் அறந்தாங்கிப் பக்கம் ஒரு கல்லூரியில் இயற்பியல் ஆசிரியை. பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்துகொண்டிருந்தேன்.

ஆய்வு ஒரு நியூட்ரான் நட்சத்திரத்தைப் பற்றியது. அதற்கு ஒரு துணை நட்சத்திரம் உண்டு. துணையிடமிருந்து இழுத்த வாயு மேலே சேர்ந்துகொண்டே போய், ஒரு கட்டத்தில் மொத்தமாக வெடிக்கும். அந்தச் சில நொடிகளில் எக்ஸ் கதிர் பல மடங்கு பெருகும். நம் காற்று மண்டலம் அதைக் கீழே விடாது என்பதால் விண்வெளித் தொலைநோக்கிதான் பார்க்க முடியும். பழைய பதிவுகளை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இறக்கிக்கொள்ளலாம்.

அப்படி இறக்கிய ஒன்றில், வெடிப்பின் நடுவே வெளிச்சம் சீராகத் துடிப்பதைக் கண்டேன். நொடிக்கு நானூறு தடவைக்கு மேல். அது உண்மையானால் அந்த நட்சத்திரம் சுழலும் வேகம் அதுதான். அதுவரை யாருக்கும் தெரியாத வேகம்.

திருச்சியில் இருந்த என் நெறியாளர் வரைபடத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரே ஒரு வெடிப்பும்மா. இத்தனை வேகத்துல தேடுனா எங்கயாவது ஒரு கோடு தற்செயலா நிமிந்து நிக்கத்தான் செய்யும். இதை வச்சு எழுத முடியாது."

அவர் சொன்னது சரி என்பதுதான் எனக்கு உறுத்தியது. அந்த நட்சத்திரத்தை மறுபடி பார்க்கச் சொல்லித் தொலைநோக்கிக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதினேன். நிராகரித்தார்கள். குறைகளைத் திருத்தி மறு வருடம் அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

பதிவு வந்து சேர்ந்த அன்று எங்கள் ஊரில் பராமரிப்புக்காகக் காலையிலிருந்தே கரண்ட் கட். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஐஸ் பிளாண்டுக்குப் போனேன். அங்கே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது.

"இங்கிட்டு உக்காரு, சத்தம் கம்மியா இருக்கும்" என்று கணவர் தன் மேசையை ஒதுக்கிக் கொடுத்தார்.

பதிவில் இரண்டு வெடிப்புகள் இருந்தன. முதல் வெடிப்பை வெட்டியெடுத்துக் கணக்கிட்டேன். ஒன்றுமே இல்லை. கோடு கரட்டுத் தரை போல மேலும் கீழுமாகக் கிடந்தது. எழுந்து வெளியே போய், ஐஸ் கட்டிகளை உடைத்து லாரியில் ஏற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். ஐந்து வருட உழைப்பு.

"என்னாச்சு?" என்றார் கணவர்.

"மொதல்ல ஒண்ணும் வரலைங்க. எல்லா வெடிப்புலயும் துடிப்பு தெரியாது. இன்னொண்ணு இருக்கு."

"அப்ப அதையும் பாத்துட்டு வந்து நில்லு."

உள்ளே வந்து இரண்டாவதை ஓட்டினேன். திரையில் ஒரே ஒரு கோடு மற்றதையெல்லாம் கீழே தள்ளிவிட்டு மேலே போயிருந்தது. பழைய பதிவில் எந்த வேகத்தில் கண்டேனோ, அதே வேகம். மூன்று தடவை முதலிலிருந்து செய்து பார்த்தேன். அசையவில்லை.

கணவர் பின்னால் வந்து நின்று, "அது எம்புட்டுப் பெருசு?" என்று கேட்டார்.

"இங்க இருந்து அறந்தாங்கி போற தூரத்துல பாதிக்குக் கொஞ்சம் கூட இருக்கும். ஆனா எடை சூரியனை விட அதிகம்."

"அது நொடிக்கு நானூறு சுத்து சுத்துதா?" அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

நெறியாளருக்கு எல்லாவற்றையும் அனுப்பினேன். அவர் தனியாகக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு நாலு மணிக்கு ஃபோன் செய்தார்.

"எனக்கும் அதேதாம்மா வருது. நான் சந்தேகப்பட்டது நல்லதாப் போச்சு, இல்ல?"

"ஆமா சார். இல்லைன்னா திரும்பப் பாத்திருக்கவே மாட்டோம்."

"எழுத ஆரம்பிங்க. ஒங்க பேருதான் மொதல்ல வரணும்."

கட்டுரை வெளிவந்தபோது என் பெயரின் கீழே எங்கள் கல்லூரியின் முகவரி அச்சாகியிருந்தது. முதல்வர் அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி நூலக வாசலில் ஒட்டச் சொன்னார். அன்று நான் வகுப்புக்கு வேண்டுமென்றே அந்த வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு போனேன்.