ஈரத்துணிக்குப் பின்னால் பார்த்த ஐஸ்காரி

நீலம் போட்டு நனைத்த வேட்டியின் வாசம் எங்கேயாவது மூக்கில் பட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது கொலைதான். ஒன்றல்ல, ஐந்து கொலை. ஐந்தையும் செய்தவளுக்குப் பதினைந்து வயதுதான் இருக்கும்.

கோம்பைக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரில் மாரியம்மன் பொங்கல் முடிந்த மறுநாள் தெருவில் படம் போடுவார்கள். தெருவின் குறுக்கே இரண்டு மூங்கில் நட்டு, இரண்டு வேட்டிகளைச் சேர்த்துத் தைத்த துணியைக் கட்டி, குடம் குடமாகத் தண்ணீர் தெளித்து நனைப்பார்கள். நனைந்தால்தான் படம் மறுபக்கமும் தெளிவாகத் தெரியும். மறுபக்கம் எதற்கென்றால், அது எங்களுக்கு. படம் காட்டும் மிஷின் இருக்கிற பக்கம் ஆண்கள், துணிக்குப் பின்னால் பெண்கள். இந்த வழக்கத்தை எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தினான் என்று தெரியாது. "பொம்பளைக அங்கன போங்க, கூட்டத்துல இடிபட வேணாம்" என்று ஏதோ உபகாரம் செய்வது மாதிரி விரட்டுவார்கள். எங்கள் பக்கம் எழுத்தெல்லாம் இடம் வலமாகப் புரண்டு தெரியும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு எழுத்தே தெரியாது என்பதால் அது யாருக்கும் குறையாகப் படவில்லை. ஆறாம் வகுப்பு படித்த எனக்கு எழுத்து புரண்டிருப்பது தெரியும். படத்தில் வரும் ஆளும் அப்படித்தானே புரண்டிருக்கும் என்பது மட்டும் மண்டைக்கு எட்டவில்லை.

அந்த வயதில் என்னுடைய ஒரே பிரச்சினை என் இடது கை. எழுதுவது, எறிவது, சோற்றைப் பிசைவது எல்லாம் அந்தக் கையால்தான். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டிய அப்பாவுக்கு அது தாங்க முடியாத அவமானம். "பீச்சக்கைக்காரியை எவன் கட்டுவான்?" என்பார். சாப்பிடும்போது அந்தக் கையை முதுகுப் பக்கம் திருப்பித் துண்டால் இடுப்போடு கட்டிவிடுவார். புளிய விளாறு முறிய முறிய அடித்தும் திருந்தாததால், ஒருநாள் தோசைக்கரண்டியைக் காயவைத்து மணிக்கட்டில் சூடு போட்டார். "அடுத்த தடவ பென்சில் பிடிக்கிற மூணு விரலையும் சேத்து வச்சிருவேன்" என்று சொல்லியிருந்தார். சொன்னதைச் செய்கிறவர் என்பதால் எனக்கு அந்த மூன்று விரல்களைப் பற்றிய பயம் எந்நேரமும் இருந்தது.

அந்த வருடம் போட்டது எந்த மொழியிலிருந்தோ தமிழ் பேச வைத்த சண்டைப் படம். துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் ஃபாக்டரி. அதன் காவல்காரனை ஐந்து பேர் கம்பியால் அடித்தே கொல்கிறார்கள். ஐஸ் பாளத்துக்குப் பின்னால் ஒளிந்திருந்து அதைப் பார்த்த மகள், பாளத்தை இழுக்கும் இரும்புக் கொக்கியைக் கையில் எடுக்கிறாள். அவ்வளவுதான் கதை. முதல் ஆளைத் தோள்பட்டை எலும்பில் கொக்கி போட்டு, பாளத்தை இழுப்பது மாதிரியே ஈரத்தரையில் தரதரவென்று இழுத்துப்போனாள். இரண்டாவது ஆளின் கை ஐஸ் உடைக்கும் மிஷினுக்குள் போனது. வெளியே விழுந்த ஐஸ் சிவப்பாக விழுந்தது. எங்கள் பக்கத்தில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தவள்கூட "போடு அவன" என்றாள்.

எத்தனையோ சண்டைப் படங்கள் பார்த்துவிட்ட பிறகும் சொல்கிறேன், அந்தப் படத்தை எடுத்தவனுக்கு அடி என்றால் என்னவென்று தெரிந்திருந்தது. அவள் பறக்கவில்லை. முதல் கொலைக்குப் பிறகு பீப்பாய்க்குப் பின்னால் போய் வாந்தி எடுத்தாள். நாலாவது ஆளோடு மல்லுக்கட்டும்போது வழுக்கி விழுந்து தாடை தரையில் மோதியது. பாட்டும் மேளமும் நின்றுபோய் அவள் மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. ரத்தத்தைத் துப்பிவிட்டு, தடவித் தடவிக் கொக்கியைத் தேடி எடுத்தாள். இடது கையால் எடுத்தாள். முதலிலிருந்தே இடது கையில்தான் வைத்திருந்தாள். நான் பக்கத்தில் இருந்த அம்மாவைப் பார்த்தேன். அம்மா என் சூடுபட்ட மணிக்கட்டை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு மிச்சப் படத்தையும் பார்த்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் ஐஸ்காரியைத் தவிர வேறு பேச்சில்லை. மளிகைக்கடைக்காரர் மகன் செல்வம் அவளை மாதிரிக் குத்திக் காட்டினான், வலது கையால். இடது கை என்று நான் திருத்தினேன். "கண்ணு அவிஞ்சு போச்சாடி, வலது கைதான்" என்றான். பையன்கள் எல்லோரும் வலது என்று மாரியம்மன் மேல் சத்தியம் செய்தார்கள், பெண்பிள்ளைகள் இடது என்று அதே மாரியம்மன் மேல் சத்தியம் செய்தோம். மயிரைப் பிடித்து இழுத்து, மண்ணை வாரி எறிந்து, பரீட்சை அட்டையால் மண்டையில் போட்டு, வகுப்பே இரண்டாகக் கிழிந்தது. செல்வம் என் இடது கையை முறுக்கி, "அவ கையும் உன்னுது மாதிரி சூடு வாங்குன கைன்னு நினைச்சியா?" என்றான். கையை உருவி அதே கையால் வாயில் குத்தினேன். முன்பல் ஒன்று சிமெண்டுத் தரையில் விழுந்து துள்ளியது, சட்டையெல்லாம் ரத்தம். பாவம் என்று தோன்றவில்லை, சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் அவன் அப்பா எங்கள் வீட்டு வாசலில் நின்றார். "பல்லு போனாப் போகுதுண்ணே, பீச்சக்கையால அடிச்சிருக்கா பாருங்க, அதத்தான் பொறுக்க முடியல" என்றார். அப்பா அவருக்குத் தண்ணீர் கொடுத்து மரியாதையாக அனுப்பிவிட்டு, கதவைச் சாத்தி, தோசைக்கரண்டியை அடுப்புக்குள் சொருகினார்.

ஒரு முழங்காலை என் நெஞ்சில் ஊன்றி, இடது கையை இழுத்து, மூன்று விரல்களையும் தரையில் விரித்து அமுக்கினார். கத்தக்கூட மூச்சு இல்லை. கரண்டியின் சூடு விரலுக்கு ஒரு சாண் மேலே வந்தது. அப்போதுதான் தோட்டத்திலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்த அம்மா உள்ளே வந்து, எரவாணத்தில் சொருகியிருந்த பன்னருவாளை உருவினாள். இருபது வருடம் வலது கையால் புல்லறுத்தவள் அதை இடது கையில் பிடித்திருந்தாள்.

"பிள்ள கைய விடுங்க."

"போடி அங்கிட்டு" என்றார் அப்பா, திரும்பிப் பார்க்காமல்.

அரிவாளின் முதுகால் தட்டத்தான் நினைத்ததாக அம்மா பிறகு சொன்னாள். பழகாத கை, வெட்டுவாய்ப் பக்கம் திரும்பிவிட்டது. அப்பாவின் முழங்கைக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்குச் சதை வெள்ளையாகப் பிளந்து, பிறகுதான் ரத்தம் வந்தது. அடுப்பில் தெறித்து சொய்யென்றது. கரண்டி விழுந்து பாய் பொசுங்கியது. அப்பா தன் கையைப் பார்க்கவில்லை, அம்மாவின் கையையே பார்த்தார். அம்மாவுக்கு மூச்சிரைத்தது, அரிவாளை மட்டும் கீழே போடவில்லை.

"இன்னொரு தடவ தொட்டீகன்னா குறி தப்பாது" என்றாள்.

பதினோரு தையல். ஜீப் பானெட் கிழித்துவிட்டது என்று அப்பாவே ஆஸ்பத்திரியில் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என் கையை யாரும் தொடவில்லை.

இப்போது தேனியில் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். இடது கையால்தான் ஊசி குத்துகிறேன், "அந்தக் கையாலயா?" என்று இன்னும் சிலர் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள். அப்பா சர்க்கரை பார்க்க வந்தபோதெல்லாம் தழும்பு இருக்கிற கையைத்தான் நீட்டினார். மன்னிப்பு என்று எதுவும் கேட்டதில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொள்வார். அவர் போய் நாலு வருடம் ஆகிறது. ஊர்ப் பொங்கலுக்கு இப்போது எல்.இ.டி. திரை வைக்கிறார்கள், ஆணும் பெண்ணும் ஒரே பக்கம் உட்காருகிறார்கள். திரைக்குப் பின்னால் வயர்கள்தான் தொங்குகின்றன.

போன மாதம் அந்தப் படம் தற்செயலாகப் போனில் கிடைத்தது. ஐஸ்காரி வலது கைக்காரி. செல்வம் ஒரு பல்லைச் சும்மா இழந்திருக்கிறான். எனக்கு அழுகையே வந்துவிட்டது. யாரையோ நம்பி ஒரு வீட்டைக் கட்டிய பிறகு அவள் நம் சொந்தமே இல்லை என்று தெரிந்த மாதிரி இருந்தது. என்னோடு இருக்கிற அம்மாவிடம் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இது அவ இல்ல ஆத்தா. இது வேற பிள்ள" என்று போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். துணி, வெளிச்சம், மறுபக்கம் என்று என்னென்னவோ விளக்கினேன். கேட்கவில்லை.

கடைசியில் அம்மாவைக் கட்டிலில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, போனைப் பீரோக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடிக்குள் ஐஸ்காரி தரையைத் தடவி, இடது கையால் கொக்கியை எடுத்தாள்.

"ம். இவதான்" என்றாள் அம்மா. "முதல்லருந்து போடு."

போட்டேன். படம் முடிய இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. போன் பிடித்திருந்த இடது கை கடுத்தது, மாற்றிப் பிடிக்கவில்லை.